தென்னாப்பிரிக்காவுக்கு வரும் தமிழ்ப் பெண் விஞ்ஞானிகளுக்கு: எந்தக் காகிதம் முதலில்?

கணவருக்கு டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ வேலை கிடைத்து, கூடவே கிளம்பி வருகிற நம் பெண்களில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் முடித்தவர்கள் நிறைய பேர். வந்த புதிதில் வீடு பார்ப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, கார் ஓட்டப் பழகுவது என்று நாள் ஓடும். பிறகு வேலை தேடத் தொடங்கினால் ஒவ்வொரு கதவிலும் ஏதாவது ஒரு காகிதம் கேட்பார்கள். அந்தக் காகிதத்துக்கு இன்னொரு காகிதம் வேண்டும், அது ஊரில் இருக்கும். இப்படியே இரண்டு மூன்று வருடம் போய்விடுகிறது. படிப்பிலோ திறமையிலோ எந்தக் குறையும் இல்லாத பெண்கள் இவர்கள். எதை முதலில் எடுப்பது என்ற வரிசையை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

நானும் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, குடும்பத்தோடு டர்பனுக்கு வந்து, இந்தச் சுற்று முழுக்கச் சுற்றியவள். நீங்கள் சுற்ற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். தனியாகப் படிக்க வருகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கட்டணங்களும் விதிகளும் இங்கே அடிக்கடி மாறும், அதனால் பணம் கட்டும் முன் அந்தந்த அலுவலகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. ஊரை விட்டுக் கிளம்பும் முன் எடுக்க வேண்டியவை

இங்கே வந்தபின் வாங்குவதற்குக் கஷ்டமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

கன்வொகேஷன் சர்டிஃபிகேட் கட்டாயம். புரொவிஷனல் மட்டும் இருந்தால் அதை வைத்து இங்கே எதுவும் நடக்காது. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்டவர்கள் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி இப்போதே வாங்கிவிடுங்கள். பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிஎச்.டி. எது இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

மதிப்பெண் பட்டியல்கள் தவிர, பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையில் தரும் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். நான்கைந்து உறை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிரித்துவிட்டால் அது செல்லாது என்று சொல்லும் இடங்கள் உண்டு.

திருமணச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். கோயிலில் கொடுத்த ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் விசா கொடுக்கும் உள்துறையான ஹோம் அஃபேர்ஸுக்குப் போதாது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை இருவர் பெயரும் இருக்க வேண்டும். இவற்றுக்கும் பட்டச் சான்றிதழ்களுக்கும், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிட்டால் நல்லது. கல்விச் சான்றிதழ் என்றால் முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, அதற்குப் பிறகுதான் வெளியுறவுத் துறை முத்திரை. இதற்கே சில வாரம் ஆகும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

அப்புறம் போலீஸ் கிளியரன்ஸ். 18 வயதுக்கு மேல் எந்த நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்தீர்களோ, அந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ மூன்று வருடம் இருந்துவிட்டு வருகிறவர்கள் இந்தியாவினுடையதை மட்டும் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறார்கள். இந்தச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், ரொம்ப முன்கூட்டியும் வாங்க வேண்டாம்.

பிஎச்.டி. முடித்தவர்கள் ஆய்வேட்டின் முழு பி.டி.எஃப்., எம்.எஸ்சி.யில் புராஜெக்ட் செய்தவர்கள் அந்த ரிப்போர்ட், வேலை பார்த்தவர்கள் தேதி போட்ட அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் போதாது. என்ன வேலை செய்தீர்கள், எந்தக் கருவியைக் கையாண்டீர்கள் என்று நாலு வரி இருக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பின்னால் விஞ்ஞானிகளைப் பதிவு செய்யும் மன்றமான சாக்நாஸ்ப் பதிவுக்கு அந்த நாலு வரிதான் கைகொடுக்கும்.

2. இனிஷியல் விவகாரம்

இதற்குத் தனித் தலைப்பு எதற்கு என்று நினைக்காதீர்கள். தமிழ்ப் பெண்களின் விண்ணப்பம் நின்றுபோவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பேன்.

மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கவிதா’. பட்டச் சான்றிதழில் ‘கவிதா எஸ்’. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ‘கவிதா சுப்பிரமணியன்’. கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்து ‘கவிதா ராஜேஷ்’. நமக்கு நாலும் ஒரே ஆள். இங்கே உட்கார்ந்து படிவத்தைச் சரிபார்க்கிறவருக்கு நாலு பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருந்தால் அது இன்னும் சிக்கல், ஏனென்றால் இங்கே எந்த ஆன்லைன் படிவமும் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது.

முடிந்தால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். எல்லா வடிவங்களையும் வரிசையாக எழுதி, இவை அத்தனையும் என் ஒருத்தியின் பெயரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வந்தபின் என்றால் காவல் நிலையத்திலேயே கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் என்ற, உறுதிமொழி வாங்கும் அதிகாரி முன்னிலையில் இதைச் செய்யலாம், செலவில்லை. திருமணச் சான்றிதழை அதோடு இணைத்துவிடுங்கள். இனி எங்கே விண்ணப்பித்தாலும் இந்த இரண்டும் கூடவே போகட்டும், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகள் பழைய பெயரில் இருந்தால் ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஓர்சிட் ஒன்று எடுத்து எல்லாவற்றையும் அதன்கீழ் கொண்டுவாருங்கள், அதுவும் இலவசம்.

3. சாக்வா மதிப்பீடு

தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தை எல்லாரும் சாக்வா என்றுதான் சொல்வார்கள். உங்கள் பட்டம் இந்த நாட்டுக் கணக்கில் எந்த நிலைக்குச் சமம் என்று எழுதித் தருவது இவர்கள். வேலை விசா, சாக்நாஸ்ப் பதிவு, பல வேலை விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. ஆகவே வரிசையில் இதுதான் முதல். ஊரில் இருக்கும்போதே ஆன்லைனில் போட்டுவிடலாம். இங்கே வந்து இறங்கிய பிறகுதான் என்றில்லை.

சான்றிதழ்கள், டிரான்ஸ்கிரிப்ட், பாஸ்போர்ட், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். தமிழில் ஏதாவது இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். ஒவ்வொரு தகுதிக்கும் கட்டணம் சேர்ந்துகொண்டே போகும், சில ஆயிரம் ராண்டு ஒதுக்கி வையுங்கள். இடைத்தரகர்கள் இதை எடுத்துத் தருவதாகச் சொல்லி இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். அவர்களும் நீங்கள் நிரப்பும் அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். கொடுக்காதீர்கள்.

இங்கே தாமதம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பட்டம் உண்மையா என்று உங்கள் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால் கோப்பு அப்படியே கிடக்கும். எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தியின் கோப்பு மாதக்கணக்கில் அப்படித்தான் கிடந்தது. கடைசியில் ஊரிலிருந்த அவள் அப்பா, மின்னஞ்சலின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய், சாப்பாட்டு இடைவேளை முடியும்வரை வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, அந்தப் பிரிவின் எழுத்தரைப் பார்த்து, ‘இந்த ஒரு மெயிலுக்கு மட்டும் பதில் போட்டுடுங்க தம்பி’ என்று கேட்டுக்கொண்டார். அன்றே பதில் போய்விட்டது. விண்ணப்பம் போட்ட கையோடு உங்கள் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பொறுப்பான பிரிவு எது, எந்த மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். ஊரில் போய் நிற்க ஒருவரையும் சொல்லி வையுங்கள்.

சான்றிதழ் வந்ததும் நிலை எண்ணைப் பாருங்கள். இங்கே மூன்று வருட பி.எஸ்சி. 7ஆம் நிலை. அதற்கு மேல் ஒரு வருட ஆனர்ஸ், அது 8. மாஸ்டர்ஸ் 9, முனைவர் பட்டம் 10. நம்மூரில் ஆனர்ஸ் என்ற அந்த நடுப்படி இல்லாததால்தான் குழப்பம். எம்.எஸ்சி. 9 என்று வந்திருந்தால் நேராக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 8 என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். ஆய்வு மாஸ்டர்ஸில் சேர்ந்து, வேலை நன்றாகப் போனால் முனைவர் பட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளும் வழி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. மதிப்பீடு தவறு என்று தோன்றினால் மேல்முறையீடும் செய்யலாம். அதற்குத்தான் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னேன்.

4. விசா: கணவரின் நிழலிலிருந்து உங்கள் பெயருக்கு

கணவரின் வேலை விசாவோடு சேர்ந்து வருகிற மனைவிக்குக் கிடைப்பது வருகையாளர் விசா. அதில் வேலை பார்க்கக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது. ‘சும்மா பகுதிநேரம்தானே’ என்று யாராவது அழைத்தாலும் போகாதீர்கள், பின்னால் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பொதுவாக வருகையாளர் விசாவிலிருந்து வேறு விசாவுக்கு நாட்டுக்குள் இருந்தபடியே மாற முடியாது. இதை மட்டும் கேள்விப்பட்டுவிட்டு நிறைய பேர் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். ஆனால் 2014ஆம் ஆண்டுக் குடிவரவு விதிகளிலேயே விதிவிலக்கு இருக்கிறது. வேலை விசாவிலோ தொழில் விசாவிலோ இருப்பவரோடு வந்திருக்கும் கணவன், மனைவி, பிள்ளைகள், படிப்பு விசாவுக்கோ வேலை விசாவுக்கோ இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். கவுண்ட்டரில் இருப்பவருக்கே சில சமயம் இது தெரியாது. அந்த விதியின் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு விசாவுக்கு: பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், பணத்துக்கான ஆதாரம், மருத்துவச் சான்று, போலீஸ் கிளியரன்ஸ், தென்னாப்பிரிக்காவில் பதிவு பெற்ற மருத்துவத் திட்டத்தில் உறுப்பினர் என்ற சான்று. ஊரில் எடுத்த டிராவல் இன்ஷூரன்ஸ் இதற்குச் செல்லாது. இந்த மருத்துவத் திட்டத்துக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும், உதவித்தொகை அதைத் தாங்காது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். படிப்பு விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். இளநிலை மாணவர்களுக்கு லேப் டெமான்ஸ்ட்ரேட்டராகப் போவது இந்தக் கணக்கில்தான் வரும். விசாவில் பல்கலைக்கழகத்தின் பெயரே அச்சாகியிருக்கும், ஆகவே இடையில் பல்கலைக்கழகம் மாறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

முனைவர் பட்டம் உள்ளவர்கள் நாட்டுக்குத் தேவையான அரிய திறன் உள்ளவர்களுக்கான கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவைப் பார்க்கலாம். இதற்கென்று அரசு வெளியிடும் தொழில்பட்டியலில் அறிவியல் பணிகள் பல இருக்கின்றன. 2024 அக்டோபரிலிருந்து வேலை விசாக்களுக்குப் புள்ளி முறை வந்திருக்கிறது. 100 புள்ளி வேண்டும், உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருந்தால் அந்த ஒன்றிலேயே 100 கிடைத்துவிடும். சாக்வா சான்றிதழும் தொழில்முறை அமைப்பின் பதிவும் இதற்குக் கேட்பார்கள்.

நான் கட்டிய காலத்தில் ஹோம் அஃபேர்ஸ் கட்டணம் படிப்பு விசாவுக்கு 425 ராண்டு, வேலை விசாவுக்கு 1,520 ராண்டு, அதன்மேல் விண்ணப்பங்களை வாங்கும் நிறுவனமான வி.எஃப்.எஸ்.ஸின் சேவைக் கட்டணம் 1,550 ராண்டு. முடிவு வர மாதங்கள் ஆகலாம். விசா முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தாக வேண்டும். காலாவதியாகி ஊருக்குக் கிளம்பினால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். 30 நாளுக்குள் என்றால் 12 மாதத் தடை, 30 நாளைத் தாண்டினால் ஐந்து வருடம். இந்தத் தேதியைக் கைபேசியில் மட்டும் குறிக்காமல் சமையலறைக் காலண்டரிலும் எழுதி வையுங்கள்.

5. சான்றுறுதி செய்த நகல்கள்

எல்லா இடத்திலும் சர்டிஃபைட் காப்பி கேட்பார்கள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் முத்திரை குத்தியது வேண்டும். பக்கத்துக் காவல் நிலையத்தில் இலவசமாகச் செய்து தருகிறார்கள். நகலை வெளியிலேயே எடுத்துக்கொண்டு போங்கள், நிலையத்தில் எடுத்துத் தர மாட்டார்கள். அசலும் கையில் இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் போனால் கூட்டம் இருக்காது. முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா, கையெழுத்துக்குக் கீழே பெயரும் பணி எண்ணும் எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே நின்று ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். மங்கலாக விழுந்திருந்தால் ‘இன்னொரு தடவை குத்துங்க’ என்று கேட்பதில் தவறில்லை. சங்கடப்பட்டு வாங்கிக்கொண்டு வந்தால் மறுபடி போக வேண்டியதுதான்.

6. சூப்பர்வைசரைத் தேடுவது

இந்த நாட்டில் ஆய்வுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஒரு பேராசிரியர் உங்களை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆகவே படிவத்துக்கு முன் ஆளைப் பிடியுங்கள்.

பல்கலைக்கழகங்களில் மட்டும் தேடாதீர்கள். டர்பனில் எச்.ஐ.வி., காசநோய் ஆராய்ச்சி உலகத் தரம். எய்ட்ஸ் ஆராய்ச்சி மையமான காப்ரிசா இங்கேதான் இருக்கிறது, ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேதான். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தாவரவியல், பூச்சியியல், மண்ணியல் படித்தவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள். கடல் உயிரியலுக்கு கடலோரத்திலேயே கடலியல் ஆராய்ச்சி நிறுவனம். பிரிட்டோரியாவில் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர்., வேளாண் ஆராய்ச்சிக் கழகம். கேப் டவுன் பக்கம் அணு இயற்பியலுக்கு இதெம்பா லேப்ஸ். வானியல் என்றால் 64 டிஷ்கள் கொண்ட மீர்காட் தொலைநோக்கி கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில். இவர்களில் பலருக்கு மாணவர்களை எடுத்துக்கொள்ளும் வழி உண்டு, பட்டத்தை மட்டும் ஒரு பல்கலைக்கழகம் வழங்கும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்ற தொனியில் தொடங்கும் பொது மடலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதிலும் பெறுபவர் பெண்ணாக இருந்தால் முதல் வரியிலேயே முடிந்தது. பேராசிரியர் என்ற அடைமொழியோடு குடும்பப் பெயரைப் போட்டுத் தொடங்குங்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை உண்மையிலேயே படித்துவிட்டு அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, உங்கள் கைக்குத் தெரிந்த நான்கு தொழில்நுட்பங்கள், சாக்வா நிலை, விசா நிலை, எப்போது தொடங்க முடியும் என்பவை போதும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் அடுத்தவர். பதில் வராததை உங்கள் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். இதற்குமுன் அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், பொருள்களுக்கும் கருவிகளுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, குழந்தை உள்ள மாணவிகள் அந்த லேப்பில் இருந்திருக்கிறார்களா. கடைசிக் கேள்வியை அவரிடம் மட்டும் கேட்காதீர்கள், லேப்பில் இருக்கும் பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை நம்புங்கள்.

கல்வி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். ஆனர்ஸ் அந்தக் கணக்கில்தான். முழு ஆய்வுப் படிப்புகளுக்குப் பல இடங்களில் வருட நடுவிலும் சேரலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் முடிய எந்த அலுவலகத்திலிருந்தும் பதில் எதிர்பார்க்காதீர்கள், ஊரே விடுமுறையில் இருக்கும்.

7. பணம்

அரசு உதவித்தொகை என்றால் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், என்.ஆர்.எஃப். என்பார்கள். பெரும்பகுதி குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் போகும். வெளிநாட்டவருக்குச் சிறு பங்கு உண்டு, ஆகவே விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான அழைப்பு இந்த ஆண்டு நடுவிலேயே முடிந்துவிடும். என்.ஆர்.எஃப். அறிவிக்கும் கடைசித் தேதியை நம்பாதீர்கள். பல்கலைக்கழகம் தனக்கென்று அதற்கு முந்தைய தேதி ஒன்று வைத்திருக்கும், அதுதான் உங்களுடைய தேதி.

பெண்களைத்தான் அதிகம் அடிப்பது வயது வரம்பு. அண்மை அழைப்புகளில் ஆனர்ஸுக்கு 28, மாஸ்டர்ஸுக்கு 30, முனைவர் பட்டத்துக்கு 32. கல்யாணம், பிரசவம், ஊர் மாற்றம் எல்லாம் முடிந்து நாம் நிமிரும்போது இந்த வயது தாண்டியிருக்கும். இது நியாயமில்லை என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். ஆனால் கதவு அதோடு மூடிவிடுவதில்லை. வெளிநாட்டு நிதியில் நடக்கும் பெரிய ஆய்வுத் திட்டங்களில் மாணவர்களுக்கென்று பணம் இருக்கும், அதற்கு விதிகள் வேறு. பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. 34 வயதில், 38 வயதில் தொடங்கி முடித்த பெண்களோடு நான் ஒரே பெஞ்சில் வேலை பார்த்திருக்கிறேன். வயதைக் காரணம் காட்டி நீங்களே உங்களை நீக்கிக்கொள்ளாதீர்கள்.

செலவுக் கணக்குப் போடும்போது கல்விக் கட்டணம் மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கான கூடுதல் கட்டணம் எவ்வளவு, பதிவு செய்யும் நாளில் முன்பணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். முன்பணம் ஜனவரியில் கட்ட வேண்டும், உதவித்தொகை கைக்கு வர ஏப்ரல், மே ஆகும். அந்த நாலைந்து மாதத்துக்கான பணம் கையில் இருக்கட்டும்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியான போஸ்ட்டாக் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே போஸ்ட்டாக் தொகை உதவித்தொகையாகக் கருதப்படுவதால் வருமான வரி இல்லை, கேட்க நன்றாக இருக்கும். அதே காரணத்தால் நீங்கள் ஊழியர் கணக்கில் வர மாட்டீர்கள். ஓய்வூதியம், மருத்துவத் திட்டம், வேலையில்லாக் காப்பீடு எதுவும் இல்லை. ஊழியருக்குச் சட்டப்படி மகப்பேறு விடுப்பு உண்டு, போஸ்ட்டாக்குக்கு அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. கையெழுத்துப் போடும் முன் மகப்பேறு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் பேரம் பேசும் பலமும் இருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட இதழில் ஒவ்வொரு கட்டுரை வரும்போதும் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. நீங்கள் எழுதும் கட்டுரையால் அவர்களுக்கு வருமானம் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வரும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

8. சாக்நாஸ்ப் பதிவு

இயற்கை அறிவியல் தொழில்களுக்கான மன்றம் இது, 2003ஆம் ஆண்டின் 27ஆம் எண் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. கல்வித்துறைக்குள்ளேயே இருப்பவர்கள் பலர் இதை எடுக்காமல் விடுகிறார்கள். சுற்றுச்சூழல், நீர், மண், உணவு, தாவரம் என்று ஆலோசனை வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயம், விசாவுக்கும் உதவும்.

ஆனர்ஸ் நிலையோடு மூன்று வருட அனுபவம், மாஸ்டர்ஸ் என்றால் இரண்டு, முனைவர் பட்டம் என்றால் ஒன்று இருந்தால் முழுத் தொழில்முறை விஞ்ஞானியாகப் பதியலாம். அனுபவம் போதவில்லை என்றால் கேண்டிடேட் என்ற பிரிவில் இப்போதே பதிந்துவிட்டுப் பிறகு உயர்த்தலாம், வழிகாட்டி ஒருவரையும் சேர்த்துவிடுகிறார்கள். சாக்வா சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட், அனுபவ அறிக்கை, பரிந்துரைப்பவர்கள் பெயர் வேண்டும். பரிந்துரைப்பவர்கள் படிவத்தை நிரப்பாமல் விட்டால் விண்ணப்பம் நகராது, அவர்களை அவ்வப்போது நினைவூட்டுங்கள். ஊரில் இருக்கும் பழைய கைடு இதற்கு ஏற்றவராக இருப்பார். மருத்துவ ஆய்வக விஞ்ஞானிகளுக்கு ஹெச்.பி.சி.எஸ்.ஏ., பொறியாளர்களுக்கு எக்ஸா என்று தனி அமைப்புகள், அங்கே போங்கள்.

9. வேலை விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

எல்லா வேலைப் படிவத்திலும் இனப்பிரிவு கேட்பார்கள், அதில் ‘இந்தியர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கை தானாக அங்கே போகும். அது 1998ஆம் ஆண்டு வேலைச் சமத்துவச் சட்டத்துக்கான கட்டம். இந்நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினரை அது குறிக்கிறது, டர்பனில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கோவேந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி குடும்பங்கள் போல. உங்களுக்கு உரியது ‘வெளிநாட்டவர்’ என்ற கட்டம். தவறாகக் குறித்தால் பொய்த் தகவல் ஆகிவிடும்.

சி.வி.யில் இடைவெளி வருடங்களை மறைக்க வேண்டாம். ‘2018–2021: குழந்தை வளர்ப்பு, இடம்பெயர்வு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அந்தக் காலத்தில் ஆன்லைனில் முடித்த படிப்பு, எழுதிய கட்டுரை எதுவும் இருந்தால் கீழே சேருங்கள். விளக்கம் நீள நீளத்தான் சந்தேகம் வரும். மூன்று பரிந்துரையாளர்களின் பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம்.

10. லேப், வீடு, பாதுகாப்பு

பிள்ளையின் பள்ளி மதியமே முடிந்துவிடும். அதன்பின் ஆஃப்டர்கேர், அதற்குத் தனிப் பணம். ஆஃப்டர்கேர் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பார்த்துவிட்டு லேப் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பொதுப் போக்குவரத்தை நம்பி இரவு வேலை செய்ய முடியாது. கார் ஓட்டுவது இங்கே ஆடம்பரமில்லை, வேலைக்குத் தேவையான ஒரு தகுதி. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இருட்டிய பிறகு லேப்பிலிருந்து கிளம்பினால் வளாகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, கார் வரைக்கும் கூட வரச் சொல்லுங்கள். அந்த எண்ணை முதல் நாளே வாங்கி வையுங்கள். களப்பணிக்குத் தனியாகப் போகாதீர்கள், சூப்பர்வைசர் சொன்னாலும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிலும் லேப்பிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

யாராவது எல்லை மீறினால், அது சூப்பர்வைசராகவே இருந்தாலும், தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். விசா அவர் கையில் இருக்கிறது என்ற பயத்தில் பொறுத்துக்கொள்ளும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு விசா பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறது, அவர் பெயரில் இல்லை. சூப்பர்வைசரை மாற்ற எல்லாப் பல்கலைக்கழகத்திலும் நடைமுறை உண்டு. வெளியிலோ வீட்டிலோ வன்முறை என்றால் 0800 428 428 என்ற எண் இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை.

11. கூட இருக்க நாலு பேர்

இதைக் கடைசியில் வைத்தாலும் வந்த முதல் மாதமே தொடங்குங்கள். வளரும் நாடுகளின் பெண் விஞ்ஞானிகள் அமைப்பு, ஓ.டபிள்யூ.எஸ்.டி., யுனெஸ்கோவின்கீழ் இத்தாலியின் திரியெஸ்தேயில் இருக்கிறது. உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. அவர்களின் முனைவர் பட்ட நிதி அறிவியலில் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். இந்தியா அதில் இல்லை, மற்ற நாட்டிலிருந்து வரும் தமிழ்ப் பெண்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேப் டவுன் பக்கம் இருப்பவர்களுக்கு சாவைஸ் என்ற பெண் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் இருக்கிறது. லொரேயால்–யுனெஸ்கோ விருதுகளும் அரசின் பெண் விஞ்ஞானிகள் விருதும் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ கேட்கும். தகுதி வரும்போது விண்ணப்பிக்க இப்போதே விதிகளைப் படித்து வையுங்கள்.

டோங்காட் என்ற சிறு ஊரில் பிறந்து டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் படித்த குரைஷா அப்துல் கரீம், காப்ரிசாவை நிறுவியவர்களில் ஒருவர். பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய, டெனோஃபோவிர் மருந்து கலந்த ஜெல் எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்று 2010இல் அவர் குழு காட்டியது. 2016இல் லொரேயால்–யுனெஸ்கோ விருது அவருக்குக் கிடைத்தது. அவர் போன்றவர்களின் பொது உரைகள் டர்பனில் அவ்வப்போது நடக்கும். போங்கள், முடிந்ததும் ஓடிவிடாமல் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் துறையைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எனக்கு முதல் லேப்பைக் காட்டியது அப்படிப் பக்கத்தில் நின்ற ஒரு டெக்னீஷியன்தான், தாத்தா பாட்டி கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண். தமிழில் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம், ஆனால் முதல் நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆட்டோகிளேவ் முன்பதிவு எந்தத் தாளில், எந்த ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறது, மின்சாரம் போனால் மாதிரிகளை எங்கே மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித் தந்தது. டெக்னீஷியன்களோடு நட்பாக இருங்கள். லேப்பை நடத்துவது அவர்கள்.

ஆகஸ்ட் இங்கே பெண்கள் மாதம், 9ஆம் தேதி பொது விடுமுறை. தேசிய அறிவியல் வாரமும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும், கருத்தரங்குகளும் பள்ளி நிகழ்ச்சிகளும் நிறைய நடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கான எஸ்காம் எக்ஸ்போ அறிவியல் கண்காட்சிக்குத் தன்னார்வ நடுவர்களைத் தேடுவார்கள். உங்கள் விசாவில் அதற்குத் தடையில்லை என்று உறுதிசெய்துகொண்டு, உங்கள் வட்டார அமைப்பாளருக்கு சி.வி.யோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஜூன் மாதத்துக்குள் எழுதினால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.